சேலத்து முதிய தம்பதியின் ஓராண்டு மருந்துச் செலவு: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாபேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கும் ஒரு தம்பதியின் 2025ஆம் ஆண்டுக் கணக்கை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. கணவருக்கு 71 வயது. தனியார் நூற்பாலை ஒன்றில் கணக்கராக இருந்து 2012இல் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 67 வயது. ஒரே மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறார். வருங்கால வைப்பு நிதி வழியாக வரும் சிறு ஓய்வூதியம், மாடி வீட்டு வாடகை, மகன் அனுப்பும் பணம் ஆகிய மூன்றும்தான் வருமானம். குடும்பம் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும், தொகைகளை முழு எண்களாக்கியும் தந்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் மகன் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விதான் தொடக்கம். "பாலிசிக்கு வருஷம் 56,000 கட்டறேன். அப்புறம் மாத்திரைக்குன்னு மாசம் 4,600 தனியா எதுக்குப்பா?" மகன் குறைசொல்லும் எண்ணத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். ஆனால், வாழ்நாள் முழுவதும் ஊராருக்குக் கணக்குச் சொன்ன மனிதருக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மகனிடம் மருந்துக்குப் பணம் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். மாத்திரைகளில் விலை மிகுந்த ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்கினார். வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. ஏப்ரல் மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.3இலிருந்து 8.8 ஆக ஏறியிருந்ததைப் பார்த்து மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த அம்மா வீட்டிலிருந்த எல்லாக் காகிதங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

மகனின் கேள்வி எங்கிருந்து வந்தது

அவர் இருக்கும் நாட்டில் 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு இருக்கிறது. அதில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கென்றே 'பார்ட் டி' என்ற தனிப் பிரிவு 2006 முதல் நடப்பில் உள்ளது. மாதப் பிரீமியம் ஒன்று. ஆண்டின் தொடக்கத்தில் நோயாளி தாமே ஏற்க வேண்டிய தொகை ஒன்று, 2025இல் அது அதிகபட்சம் 590 டாலர். அதன் பின் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பங்கு. இப்படித் தம் கையிலிருந்து கொடுப்பது 2025இல் 2,000 டாலரை எட்டிவிட்டால், பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அந்த ஆண்டு முழுவதும் மேற்கொண்டு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இந்த உச்சவரம்பு 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் வந்தது. உடன் வேலை செய்பவர்களின் பெற்றோருக்கு இப்படி நடப்பதைப் பார்த்துப் பழகியவர், தாம் சேலத்துப் பெற்றோருக்குக் கட்டும் பாலிசியும் மாத்திரைக்கு ஏதோ ஒரு பங்கு தரும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

இந்தியாவில் அப்படி ஒரு தனி மருந்துக் காப்பீடு கிடையாது. இங்கே மருத்துவக் காப்பீடு என்று விற்கப்படுவது பெரும்பாலும் மருத்துவமனையில் படுப்பதற்கான காப்பீடு. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள பகல்நேரச் சிகிச்சைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் படுக்கையை ஒட்டிய மருந்துக்குத்தான் பணம் வரும்: உள்ளே இருக்கும்போது ஏற்றிய மருந்து, சேர்வதற்கு முன் சில நாட்கள், டிஸ்சார்ஜ் ஆன பின் சில நாட்கள். இந்தத் தம்பதியின் பாலிசியில் முந்தைய 30 நாட்கள், பிந்தைய 60 நாட்கள் என்று இருந்தது. பல பாலிசிகளில் காணப்படும் அளவு இதுவே. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுவதும் விழுங்கும் மாத்திரை இந்த வட்டத்துக்குள் வரவே வராது.

சேலத்திலேயே வேறு ஏற்பாட்டில் இருப்பவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பூங்காவில் உட்கார்ந்து பேசும்போது எல்லாருடைய கதையும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. ரயில்வே ஓய்வூதியர் தம் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மருந்தை ரயில்வே மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்கிறார். முன்னாள் படைவீரருக்கு 2003இல் தொடங்கிய திட்டத்தின் பாலிகிளினிக் மருந்து தருகிறது. மாநில அரசு ஓய்வூதியருக்கு 2025இல் மாதம் 497 ரூபாய் பிடித்தத்தில் காப்பீடு இருந்தது. ஆனால் அதுவும் படுக்கைக் காப்பீடுதான், மாத மருந்துக்கென இருப்பது 300 ரூபாய் மருத்துவப்படி மட்டுமே. நம் கணக்கரின் பழைய ஆலை நண்பர் ஒருவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். ஓய்வு பெறும் நாளில் நண்பரின் சம்பளம் அன்றைய ஈ.எஸ்.ஐ. வரம்பான 15,000 ரூபாய்க்குள் இருந்தது. கணக்கருடையது அதைத் தாண்டியிருந்ததால் அவருக்கு அது கிடைக்கவில்லை. சம்பள உயர்வு கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்ததாக அந்த அம்மா சொன்னார்.

மஞ்சள் பைக்குள் இருந்தவை

பாலிசி 2018இல், கணவருக்கு 64 வயதாக இருந்தபோது எடுக்கப்பட்டது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். அடிப்படைப் பிரீமியம் 48,000. அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 8,640, ஆக 56,640. அறை வாடகை நாளுக்கு 5,000 வரை. ஒவ்வொரு கோரிக்கையிலும் 20 விழுக்காடு கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நோயாளியுடையது.

மாத மருந்துச் செலவை மருந்துக்கடை பில்லிலிருந்து எடுக்க முடியவில்லை, ஏனென்றால் பில் என்று அங்கே இருந்தவை பெரும்பாலும் துண்டுச் சீட்டுகள். ஒன்றில் வெறுமனே '1,765' என்று மட்டும் எழுதிக் கீழே ஒரு கோடு. மருந்தின் பெயரோ, தொகுதி எண்ணோ, நோயாளி பெயரோ கிடையாது. அச்சடித்த சிலவும் வெயில் பட்டு வெளுத்துப்போயிருந்தன. ஆகவே காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் பின்புறம் அச்சிட்ட அதிகபட்ச விலையிலிருந்து கணக்குப் போட்டோம். கணவருக்கு மாதம் 3,525, மனைவிக்கு 1,100, ஆக 4,625. ஆண்டுக்கு 55,500. பிரீமியமும் மருந்தும் ஏறக்குறைய ஒரே தொகை. இரண்டும் இரண்டு செலவுகள், ஒன்று மற்றொன்றைக் குறைக்காது என்பதை அன்றுதான் அவர்கள் முதன்முறையாகத் தாளில் பார்த்தார்கள். இவற்றோடு மருத்துவர் கட்டணமும் பரிசோதனைகளும் சுமார் 12,000. மொத்தம் 1,24,140.

கணவரின் 3,525இல் 1,800 ரூபாய் ஒரே ஒரு மாத்திரைக்கு: எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், மாத்திரை ஒன்று 60 ரூபாய். சர்க்கரையோடு இதயத்துக்கும் நல்லது என்று, 2024இல் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு குழல்) வைத்தபின் எழுதித் தரப்பட்டது. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதும் இதைத்தான்.

2024ஆம் ஆண்டு பில்லில் கிடைத்தது

2024 ஜூலையில் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு நாட்கள் தங்கினார். 5,000 ரூபாய் அறை காலி இல்லை என்று 6,500 ரூபாய் அறையில் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் நாளில் காப்பீட்டு நிறுவனம் தொகையைக் குறைத்து அனுமதித்தது. 'விகிதாசாரக் கழிவு' என்று ஒரு வரி இருந்தது. அறை வரம்பை மீறினால் அறைக்கான கூடுதல் தொகை மட்டுமின்றி, அந்த அறையின் தரத்தை ஒட்டி உயரும் மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும் என்பதே அதன் பொருள். இது பாலிசியில் உள்ள நிபந்தனைதான்; அதில் தவறில்லை.

ஆனால் அந்தக் கழிவுத் தாளை வரி வரியாகப் பார்த்தபோது, மருந்து மற்றும் உபகரணங்கள் என்ற 52,000 ரூபாயிலும் பதின்மூன்றில் மூன்று பங்கு, அதாவது 12,000 ரூபாய், கழிக்கப்பட்டிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் விதித்த வரையறைப்படி மருந்து, உபகரணம், உடலில் பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றை இந்த விகிதாசாரக் கழிவுக்குள் கொண்டுவரக் கூடாது. மாத்திரையின் விலை அறைக்கு அறை மாறுவதில்லை என்ற எளிய நியாயம்தான் இதற்கு அடிப்படை. இந்த விதியைச் சொல்லி, கழிவுத் தாளின் நகலை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கோ-பே போக 9,600 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. பெரிய தொகை அல்ல. இருந்தாலும், மருந்துக்கு என்று பாலிசி உண்மையில் தர வேண்டியிருந்த பணம் அது.

தராமல் போனது வேறொன்று. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாட்களில் வாங்கிய மாத்திரைகளும் இரண்டு முறை மருத்துவரைப் பார்த்த கட்டணமும் சேர்ந்து 9,000 ரூபாயைத் தாண்டும். அந்த 60 நாட்கள் முடிந்தபின் 15 நாட்களுக்குள் பில்லும் மருந்துச் சீட்டும் இணைத்து அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. காலதாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதை மட்டுமே காட்டிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011லேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது என்பதால், தாமதத்தைக்கூட ஒருவேளை சமாளித்திருக்கலாம். பில்லே இல்லாதபோது எதை அனுப்புவது? '1,765' என்ற துண்டுச் சீட்டை எந்த நிறுவனமும் ஏற்காது. இந்தக் கோப்பில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். விதி சாதகமாக இருந்தும், மருந்துக்கடையில் "அச்சுப் பில் கொடுங்க, பேஷண்ட் பேரும் டாக்டர் பேரும் போடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்காததால் போன பணம்.

மருந்தின் பக்கம்

இதற்கிடையில் பாலிசி விற்ற முகவர், புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு ஒன்றைச் சொன்னார். ஆண்டுக்கு 6,500 கூடுதலாகக் கட்டினால் 8,000 ரூபாய் வரை மருந்துக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் கிடைக்கும். ஆனால் நிறுவனத்தின் செயலி வழியாக, அவர்கள் பட்டியலில் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். எனக்கு இதில் நாட்டமில்லை. வருமா வராதா, வந்தால் எவ்வளவு ஆகும் என்று தெரியாத செலவைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதற்குத்தான் காப்பீடு. மாதந்தோறும் ஐந்தாம் தேதி இவ்வளவு ஆகும் என்று தெரிந்த செலவுக்குப் பிரீமியம் கட்டுவது, சொந்தப் பணத்தை இன்னொருவரிடம் கொடுத்துவைத்துக் கேட்டு வாங்குவதாகவே முடியும். 8,000 ரூபாய்ப் பலனில் 1,500தான் மிச்சம், அதுவும் முழுவதையும் பயன்படுத்தினால். அந்த மிச்சத்துக்காக 71 வயதில் செயலியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மாதச் செலவைக் குறைக்கும் வழி பாலிசியில் இல்லை, மருந்துச் சீட்டில்தான் இருந்தது.

சீட்டைப் பழைய மருத்துவரிடமே கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு முடிந்துவிட்டதால், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை அவர் நிறுத்தினார். அந்த இரண்டும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத் தந்திருந்த மாத்திரையும் அதோடு நின்றது. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து, பல இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைக் கொண்டுவந்துவிட்டன. 60 ரூபாய் மாத்திரை 9 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் தாமாக இதைச் சொல்லவில்லை, சீட்டில் பழைய வணிகப் பெயர் இருந்ததால் அதையே கொடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தந்தார். மாதம் 1,800 இருந்த இடத்தில் 270 ஆனது.

மற்ற மாத்திரைகளுக்கு ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் இடங்களில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகம் ஆகிய இரண்டிலும் விலை கேட்டோம். டெல்மிசார்டன் (இரத்த அழுத்தம்), மெட்ஃபார்மின் (சர்க்கரை), அடோர்வாஸ்டாடின் (கொழுப்பு) போன்றவை அங்கே பாதி விலைக்கும் கீழே கிடைத்தன. கணவருக்குத் தயக்கம்: "விலை கம்மின்னா வேலையும் கம்மியா இருக்குமோ?" பிரதமரோ முதல்வரோ சொன்னால் நம்பாதவர், மருத்துவர் "மூணு மாசம் போட்டுட்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கலாங்க அய்யா" என்றதும் ஒப்புக்கொண்டார். இரண்டு மருந்துகளில் மட்டும் மாற்றம் வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். மனைவியின் தைராய்டு மாத்திரை சிறு அளவு வேறுபாட்டிலும் விளைவு மாறக்கூடியது என்பதால் ஒரே நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. அவருடைய இன்ஹேலரை இழுக்கும் முறை கைக்குப் பழகிவிட்டது. வேறு கருவி கொடுத்தால் மருந்து சரியாக உள்ளே போகாது.

மனைவியின் இரத்த அழுத்த மாத்திரைக்கு வழி ஏற்காட்டிலிருந்து வந்தது. அவருடைய அக்கா மலைமேல் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறார். கிழங்கு வாங்கப் போனாலும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய ஊர். அங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து, அழுத்தத்தைப் பார்த்து, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியது; டவுனுக்கும் அது உண்டு என்பது அம்மாபேட்டையில் இருக்கும் தங்கைக்குத் தெரியவில்லை. "மேல காட்டுக்குள்ள இருக்கிற எனக்கு வருது, உனக்கு வராதா?" என்று அக்கா கேட்ட பிறகுதான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் பதிந்தார். அவர் போட்டுவந்த கூட்டு மாத்திரை அங்கே இல்லை. அதில் அடங்கிய இரண்டையும் தனித்தனி மாத்திரையாகத் தருகிறார்கள். மருத்துவர் சரி என்றார்.

ஆண்டு முடிவில் கணக்கு

மாத மருந்துச் செலவு 4,625இலிருந்து 1,570 ஆக இறங்கியது. இதே நிலை நீடித்தால் ஆண்டுக்கு 18,840. அக்டோபரில் பாலிசி புதுப்பிக்க வந்தபோது அடிப்படைப் பிரீமியத்தை நிறுவனம் 51,500 ஆக உயர்த்தியிருந்தது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டித் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருந்தது; உயர்வு அந்த வரம்புக்குள் இருந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லாததால், கட்ட வேண்டியது அந்த 51,500 மட்டுமே. மருத்துவர், பரிசோதனை 12,000 என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 82,340. முந்தைய கணக்கைவிட 41,800 ரூபாய் குறைவு, அதில் 36,660 மருந்தில் மட்டும். பழைய வருமான வரி முறையில் மூத்த பெற்றோருக்கான பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு என்றாலும், இந்தியாவில் வரி கட்டும் வருமானம் இல்லாத மகனுக்கு அதனால் பயனில்லை.

கணக்கைப் பார்த்த மகன் முதலில் சொன்னது, பாலிசியை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தையே மருந்துக்கு அனுப்பலாமே என்பது. இதற்கு நான் உடன்படவில்லை. 2024 முதல் புதுப் பாலிசி எடுக்க 65 வயது என்ற வரம்பு நீங்கியிருந்தாலும், ஸ்டென்ட் வைத்த ஒருவருக்குப் புதிதாகக் கொடுப்பதா என்பதை நிறுவனமே முடிவு செய்யும்; கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். கைவசம் இருக்கும் பாலிசியில் காத்திருப்புக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. தொடர்ந்து 60 மாதம் கட்டியவர் முன்பு நோயை மறைத்தார் என்று காரணம் காட்டி, மோசடியை நிரூபித்தாலொழிய, கோரிக்கையை மறுக்கவும் முடியாது. அதை விட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். வாடகையைச் சேர்த்தால் இவர்கள் தாண்டிவிடுகிறார்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஒன்றிய அரசுத் திட்டம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. தனியார் பாலிசி இருப்பவரும் சேரலாம். அதிலும் மருந்து என்பது டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாட்கள் வரைதான். கணவருக்கு அந்தத் திட்டத்தின் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த மருத்துவமனை ஏற்கும் என்பதைப் போய்ச் சேரும் முன் அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். மனைவிக்கு இன்னும் மூன்றாண்டு இருக்கிறது.

டிசம்பர் பரிசோதனையில் சராசரி சர்க்கரை 7.4. எல்லா மாத்திரையும் நாள் தவறாமல் போகிறது. மகனுக்குத் தந்தையே தொலைபேசியில் விளக்கினார்: "அது படுத்தாத்தான் கண்ணு. நடந்துட்டு இருக்கிற வரைக்கும் நம்ம காசுதான்." இனி நிற்பது ஒன்று: அறை வாடகை வரம்பை நீக்கித் தர நிறுவனம் கூடுதலாக எவ்வளவு கேட்கிறது என்பதை அடுத்த புதுப்பித்தலுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்; அதற்கான கடிதத்தை ஆகஸ்டில் அனுப்புவதாக இருக்கிறோம்.